திங்கட்கிழமை என்ன செய்யட்டும், சேர்?

சனிக்கிழமை முற்பகல் பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவனே நான்தான். '10.05: குழுச் செயற்பாடு' என்று அதில் இருந்தது. அந்த நேரத்துக்குச் சரியாக, மண்டபத்தின் முன்சுவரில், நாற்பது ஆசிரியர்கள் பார்த்திருக்க, என் மகளைப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்று நான் எழுதிய கடிதம் பெரிய டிமைத் தாளில் கொட்டை எழுத்தில் தொங்கியது. கீழே என் பெயர் மட்டும் இல்லை.

அதைத் தொங்கவிட்ட டீச்சரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் மாற்றலாகிப் போய்ச் சில வருடங்களாகின்றன. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் எங்கிருந்தாலும் ஸ்கூட்டரில் வந்து, "சேர், எழுதிற்றீங்க. சரி. திங்கட்கிழமை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விதான் அவர்.

நான் அப்போது ஆசிரிய ஆலோசகன். எப்படிக் கற்பிப்பது என்று கற்பிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம். இதற்கு வாண்மை விருத்தி என்று பெயர். பதினொரு வருடம் நான் விருத்தி செய்தேன். மல்டிமீடியா, நாற்பது படங்கள், நடுவில் ரோல்ஸும் பிளேன்டீயும், கடைசியில் "கேள்விகள் உண்டா?" என்ற கேள்வி. ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது. எல்லாரும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதன்முதலாக அவர் கை உயர்ந்தது 'ஆக்கச் சிந்தனை' பற்றிய செயலமர்வில். தலைக்கவசத்தை மேசையில் வைத்தபடி இருந்த, கட்டையான, கறுத்த பெண். கரையோரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் தொழில்நுட்பப் பாட ஆசிரியை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு. தினமும் பாலம் கடந்து வருபவர்.

"சேர், திங்கட்கிழமை மொதல் பாடம் எனக்குப் பத்தாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் புள்ளையள். இண்டைக்குச் சொன்னதில எதச் செய்யட்டும்?"

"அது சூழ்நிலையைப் பொறுத்தது டீச்சர்."

"சூழ்நிலையத்தான் சொன்னனே சேர். மொதல் பாடம், பத்தாம் வகுப்பு."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். நேரம் போதாதென்று சொல்லி நன்றியுரைக்குப் போனேன்.

பிறகு ஒருநாள் அவருடைய கொப்பியைத் தற்செயலாகப் பார்த்தேன். பிறவுண் பேப்பர் உறை போட்ட நாற்பது பக்கக் கொப்பி. ஒரு செயலமர்வுக்கு ஒரு பக்கம். மேலே திகதி, தலைப்பு. கீழே 'திங்கள்:' என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஒரு வரி. செயலமர்வு நடத்த வந்த யாரோ ஒரு வளவாளரின் பக்கத்தில் 'திங்கள்: கேள்வி கேட்டபின் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் பதில் கேட்பது' என்றிருந்தது. இன்னொருவருக்கு 'திங்கள்: கடைசி வாங்குப் பிள்ளைகளில் இருந்து தொடங்குவது'. என்னுடைய பக்கங்கள் நான்கு இருந்தன. நான்கிலும் 'திங்கள்:' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. வெறும் கோடு. மிக நேராக, அடிமட்டம் வைத்து இழுத்திருந்தார்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "சில ஆசிரியர்கள் மாற்றத்தை ஏற்கத் தயாரில்லை" என்று சொன்னேன்.

என் மகள் அந்தப் பாடசாலையில்தான் படித்தாள். அங்கே பரிசளிப்பு விழா என்றால் ஒலிபெருக்கி கட்ட வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் கோலம் போடுவார்கள், மாலை கட்டுவார்கள், விளக்குக்குத் திரி போடுவார்கள். ஒரு வருடம் டீச்சர் ஆட்களைக் கூப்பிட விடவில்லை. பிள்ளைகளை வைத்துத் தானே கட்டினார். பிரதம விருந்தினர் பேசிய இருபத்தைந்து நிமிடமும் அது கூவியது. பெற்றோர் சார்பில் முன்வரிசையில் இருந்த நான் காதைப் பொத்தாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். முடிந்ததும் ஆலோசகன் என்ற முறையில் அவரிடம் போனேன்.

"ஏன் டீச்சர் இந்தக் கரைச்சல்? தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிட்டிருக்கலாமே."

"சேர், ஆம்பிளப் புள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்தில குறடு தூக்கிற மொதல் கை அவங்கட. எங்கட பள்ளிக்கூடத்தில அந்தக் கை இல்ல. அது எவ்வளவு பெரிய வசதி! நாம என்ன செய்யிறம்? அந்தக் கைய வெளியால இருந்து கூட்டிற்று வாறம்." பிறகு கம்பியைச் சுற்றியபடி சொன்னார்: "அடுத்த வருசம் கூவாது."

அடுத்த வருடம் கூவவில்லை. பேச்சு முழுவதும் தெளிவாகக் கேட்டது. கூவியிருக்கலாம் என்று பட்டது. அந்த முறை பேசியவன் நான்.

பெண் பிள்ளைகளின் வாய்ப்புகள் என்பது என் விசேட தலைப்பு. 'தடைகளை உடைப்போம்' என்ற படத்தில் ஒரு சங்கிலி தானாகவே அறுந்து விழும். அந்த அசைவைச் செய்ய எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

டீச்சர் இதற்கிடையில் படகு இயந்திரம் திருத்தும் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். பன்னிரண்டு நாள். போனவர்களில் அவர் ஒருவர்தான் பெண். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல மனிசர் சேர். 'இருங்க டீச்சர், கை ஊத்தையாகும்' எண்டு கதிரை கொண்டுவந்து போட்டாங்க. நல்ல உயரமான கதிரை. கழட்டின சாமானெல்லாம் அதில வச்சன்."

அடுத்த திங்கட்கிழமை யாரோ ஒரு மீன்பிடிகாரரின் பழைய இயந்திரம் ஒன்று பாடசாலைக்கு வந்தது. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதில் அதைப் பூட்டிக் கயிற்றை இழுத்து முடுக்கியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்புகளில் பாடம் நடக்கவில்லையாம். அன்று பின்னேரம் என் மகள் வெள்ளைச் சட்டையில் எண்ணெயோடு, முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சத்தோடு வந்து நின்றாள். பெண் பிள்ளைகளின் வாய்ப்புகளில் விசேட தேர்ச்சி பெற்ற தகப்பன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "இது தோய்ச்சா போகுமா?"

உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு அந்த வாய்ப்பு வந்தது. திருகோணமலையில் ஆறு மாதம் தங்கிப் படிக்கும் படகு இயந்திரப் பயிற்சி. டீச்சர் நாலு மாதம் கடிதம் எழுதி, தொலைபேசி எடுத்து, தங்கள் பாடசாலைக்கு இரண்டு இடம் வாங்கியிருந்தார். ஒன்று என் மகளுக்கு. மற்றது வெல்லாவெளியில் இருந்து வந்து படித்த ஒரு பிள்ளைக்கு. பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு முன் பாடசாலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

மகள் படிவத்தை என் மேசையில் வைத்தாள். நான் அதன்மேல் ஒரு சுற்றறிக்கையை வைத்தேன். அடுத்த நாள் அவள் படிவத்தை எடுத்துச் சுற்றறிக்கையின் மேல் வைத்தாள். இப்படி மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் கடிதம் எழுதினேன். வீட்டில் பேசும் தமிழில் முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அலுவலகத் தமிழில் எழுதினேன்.

'எனது மகளை மேற்படி பயிற்சிநெறிக்குத் தெரிவுசெய்தமைக்கு நன்றி. எனினும் போக்குவரத்து அசௌகரியங்களையும், பாதுகாப்பு நிலைமைகளையும், பெண் பிள்ளை என்ற விடயத்தையும் கருத்திற்கொண்டு, இம்முறை அனுமதிக்க முடியாதுள்ளமையை மனவருத்தத்துடன் அறியத்தருகின்றேன்.'

மகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, உறையில் போட்டு ஒட்டி, டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி அவளிடமே நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பையில் வைத்தாள். ஒரு சொல் பேசவில்லை. அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமைச் செயலமர்வின் தலைப்பு: 'பெண் பிள்ளைகளுக்கான தொழில் வாய்ப்புகள்: ஆசிரியரின் பங்கு'. வளவாளர், நான். சுற்றறிக்கையில் ஒரு புதுமை செய்திருந்தேன்: 'உங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளையின் வாய்ப்பு தடைப்பட்டமைக்கு உண்மையான எழுத்துச் சான்று ஒன்றுடன் வருக.' எவ்வளவு நல்ல யோசனை என்று நானே என்னைப் பாராட்டியிருந்தேன்.

"ரெண்டு புள்ளையள் தெரிவானாங்க சேர். ஒரு தகப்பன் எழுதின கடிதம் இது. பேர எடுத்திற்று எழுதியிருக்கன்," என்று சொல்லி டீச்சர் டிமைத் தாளை விரித்து ஒட்டினார்.

போக்குவரத்து அசௌகரியங்கள் என்ற சொல்லைப் பார்த்ததும் என் முதுகு நனைந்தது. பாதுகாப்பு நிலைமைகள். பெண் பிள்ளை என்ற விடயம். ஒன்றும் விடுபடவில்லை.

"இது படிச்ச தகப்பன்," என்றார் முன்வரிசை ஆசிரியர் ஒருவர். "படிக்காத மனிசன் ஏலா எண்டு ஒரு சொல்லில முடிச்சிருப்பான்."

"மனவருத்தமாம்! புள்ளைக்கா, இவருக்கா?" இது பின்னாலிருந்து ஒரு டீச்சர்.

"நம்மட கல்வி வலயத்தில வேலை செய்யிற ஆள் போல கிடக்கு."

மண்டபம் குலுங்கியது. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்தபடியே அவர்கள் சொன்னதையெல்லாம் வெண்பலகையில் எழுதினேன்: 'கோழைத்தனம்'. 'தன்னை ஏமாற்றுதல்'. எழுத்துக்கள் சற்றுச் சரிந்திருந்தன. மார்க்கர் பேனை பழையது என்று சொல்லிவைத்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்தார். கை உயர்ந்தது.

"சேர், திங்கட்கிழமை ரெண்டு மணிக்குள்ள படிவம் வேணும். இந்தத் தகப்பனுக்கு நான் என்ன செய்யட்டும்?"

நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தத் தகப்பனைப் பற்றி உலகத்தில் வேறெவரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் வினையாகப் போயிற்று. பதில் தானாக வந்தது.

"ஒண்டு, கடிதத்துக்குக் கடிதம் எழுதாதீங்க. அவர்ட வீட்டுக்கே போங்க. ரெண்டு, வாய்ப்பு, எதிர்காலம் எண்டு பேசாதீங்க, அதெல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்கு என்ன பயம் எண்டு கேளுங்க. மூண்டு, புள்ள வேலை செய்யிறத அவர் கண்ணால பாக்கணும். அவர் ஒருநாளும் பாத்திருக்க மாட்டார்."

கைதட்டினார்கள். பதினொரு வருடத்தில் அப்படி யாரும் தட்டியதில்லை. டீச்சரின் பேனை ஓடியது. 'திங்கள்:' என்பதற்குக் கீழே மூன்று வரிகள். என் பக்கம் நிரம்பிவிட்டது என்று ஒரு கணம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பெருமைப்பட்டேன். அடுத்த கணம்தான் அவர் யார் வீட்டுக்கு வரப்போகிறார் என்பது உறைத்தது.

திங்கட்கிழமை சுகவீன லீவு போட்டேன். தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு முன் அறையில், அலுவலகத்துக்குப் போவதுபோலச் சட்டை போட்டு, எட்டு மணிக்கே இருந்தேன். நாற்காலிகளை இரண்டு தரம் மாற்றி வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்க, காய்ச்சலெண்டு லீவு போட்டுட்டு ஆருக்குக் காவல் இருக்கீங்க?"

"டீச்சர் வருவா."

"வந்தா?"

"வந்தா, விளக்கமாச் சொல்லுவன்."

"மொதல்ல எனக்குச் சொல்லுங்களன், விளங்குதா பாப்பம்."

மகள் வீட்டில் நின்றாள். இன்றைக்குப் பாடசாலைப் பக்கம் வரவேண்டாம் என்று டீச்சர் சொன்னாராம். டீச்சர் இங்கே வரப்போவதால்தான் என்று நினைத்தேன். ஒன்பது மணியாயிற்று. பத்தாயிற்று. ஸ்கூட்டர் சத்தம் எதுவும் எங்கள் வாசற் படலையில் நிற்கவில்லை.

பத்தரைக்கு மகள் பின்வளவில் இருந்து கூப்பிட்டாள். "அப்பா, ஒருக்கா வாங்க."

மூன்று கிழமையாக வேலை செய்யாத தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் சாக்கை விரித்துக் குந்தியிருந்தாள். திருத்துபவருக்கு நான் நாலு தரம் சொல்லியிருந்தேன். அவரும் நாலு தரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மிளகாய்க் கன்றுகள் வாடிக் கிடந்தன.

"கதிரையில இரு மகள்," என்று ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். அவள் கழற்றிய பாகங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வரிசையாக வைத்தாள். நான் நின்றேன். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன பயம்?"

"போக்குவரத்து..."

"அது கடிதத்தில கிடக்கு."

"நிலைமையும்..."

"அதுவும் கிடக்கு."

கடதாசியால் ஒரு சிறிய பாகத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதினாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நீ திரும்பி வரமாட்டாய் எண்டு."

"ஆறு மாசம்தானே அப்பா."

"போனாக்கள் எல்லாரும் நாள் சொல்லிற்றுத்தான் போனவங்க."

பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த ஒருவன் யுத்த காலத்தில் பரீட்சை எழுத பஸ்ஸில் போனான். மூன்று நாளில் வருவேன் என்றான். அவனுடைய அனுமதி அட்டையின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் தாய் அவனைத் தேடிப் பத்து வருடம் அரசாங்கக் கந்தோர் ஒவ்வொன்றாகக் கொண்டு திரிந்தார். நான் செயலமர்வுகளில் காட்டிய நாற்பது படங்களில் அது இல்லை. மகளிடமும் அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் கையை நிறுத்தி, முழுவதையும் கேட்டாள்.

"ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குப் போன் எடுப்பன்," என்றாள். "நீங்க எடுக்கவேணாம். நீங்க எடுத்தா நாள் முழுக்க எடுப்பீங்க."

பிறகு எல்லாவற்றையும் பூட்டிக் கயிற்றை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். இருமியது, நின்றது. நான் கையை நீட்டினேன். "தள்ளி நில்லுங்க அப்பா." மூன்றாம் தரம் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அலுவலகச் சட்டை முழுவதும் நனைந்தது. மனைவி குசினி வாசலில் நின்று சிரித்தாள்.

அந்தக் கோலத்தில் நின்றுதான் வெடித்தேன். "உன்ர டீச்சர் என்ர கடிதத்த நாப்பது பேருக்கு முன்னால ஒட்டினா, தெரியுமா?"

மகள் இயந்திரத்தை நிறுத்தினாள். கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஓர் உறையோடு வந்தாள். நான் ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது.

"உங்கட கடிதம் இந்தா. நான் குடுக்கவே இல்ல. அது வெல்லாவெளிப் புள்ளைட அப்பா எழுதினது. அவரும் உங்களப்போல படிச்சவர், ஒரு பள்ளிக்கூட அதிபர்."

அதாவது, நான் சனிக்கிழமை சிந்திய வியர்வை இன்னொருவருடையது. போக்குவரத்து அசௌகரியங்களும் மனவருத்தமும் என் சொந்தத் தயாரிப்பு என்று நினைத்திருந்தேன். படித்த தகப்பன்மார் எல்லாரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறோம் போலிருக்கிறது.

மகள் ஒரு கையில் உறையையும் மறுகையில் படிவத்தையும் நீட்டினாள். இரண்டிலும் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. "ஒண்டக் குடுக்கத்தான் வேணும். எது எண்டு நீங்க சொல்லுங்க."

ஈரச் சட்டையோடு கதிரையில் இருந்த பாகங்களைத் தேடினேன். எல்லாம் இயந்திரத்துக்குள் போய்விட்டிருந்தன. கதிரை வெறுமையாக இருந்தது. அதன்மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மை கொஞ்சம் பரவியது. என் கையெழுத்து என்று மட்டும் தெரிந்தது.

ஒன்று இருபதுக்குப் படலையில் ஸ்கூட்டர் நின்றது. டீச்சர்தான். வெல்லாவெளிக்குப் போய், மண்டூர்த் துறையில் 'பாதை' என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்திருக்கிறார். சேலைக் கரையில் சேறு. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, இறங்கவும் இல்லை. மகள் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டீச்சர் கையெழுத்தைப் பார்த்தார், ஸ்கூட்டரின் சீற்றைத் தூக்கி அதற்குள் ஏற்கெனவே இருந்த இன்னொரு படிவத்தோடு வைத்து மூடினார். பிறகு என் நனைந்த சட்டையை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார்.

"சேர், நீங்க சொன்ன மூண்டும் வேலை செய்யிது," என்றார். "காலம வெல்லாவெளியில நான் செஞ்சன். ரெண்டு இடத்துக்கும் போக எனக்கு நேரம் காணாது. அதான் இஞ்ச செய்யச் சொல்லி மகளை விட்டன்."